லாரிச் சத்தம் கேட்கும் அறை

அன்புள்ள முருகேசா,

ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் எடுத்துக்கொண்டு வருகிறாய், தொப்பூர் முதியோர் ஹோமிலிருந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெங்களூரில் உன் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தப் பெரிய ஹோமில் சேர்க்கப் போகிறாய் என்று ரேவதி போனில் சொன்னாள். மாமியாரிடம் சொல்லுகிற வேலையை மருமகள் தலையில் கட்டிவிட்டு நீ பின்னால் நின்றிருப்பாய், எனக்குத் தெரியாதா? நானும் போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் போனில் பேசினால் நீ ஆபீஸில் பேசுவது போல வேகமாகப் பேசுவாய், எனக்குக் கோபம் வரும், கோபத்தோடு அழுகையும் வரும், நான் அழுதால் நீ உடனே "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். உன்னுடைய அந்தச் "சரிம்மா"வை நான் சின்ன வயதிலிருந்தே நம்பியதில்லை. அதனால் எழுதுகிறேன். நிதானமாகப் படி. ரேவதிக்கும் படித்துக் காட்டு. வீட்டில் இப்படி ஒரு மறதி நோய்க்காரரை வைத்துக்கொண்டு தவிக்கிறவர்கள் உனக்குத் தெரிந்து யாராவது இருந்தால் அவர்களிடமும் கொடு, எனக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை.

நீ ஏன் இந்த முடிவுக்கு வந்தாய் என்று எனக்குப் புரிகிறது. போன மாதம் பால்காரர் வந்தபோது கேட்டைத் திறந்தபடி விட்டுவிட்டார்கள். அப்பா வெளியே போய்விட்டார். நாலு வழிச் சாலையின் ஓரத்தில் நின்றுகொண்டு, கணவாயில் இறங்குகிற லாரிகளைப் பார்த்துக் கையைத் தாழ்த்தித் தாழ்த்தி, மெதுவாகப் போ, மெதுவாகப் போ என்று சைகை காட்டியிருக்கிறார். யாரோ ஒரு டிரைவர் வண்டியை ஓரம் கட்டி, இறங்கி வந்து, கையைப் பிடித்துக் கூட்டிவந்து கேட்டுக்குள் விட்டுப் போனார். அந்த மகராசன் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. அது எப்படிப்பட்ட சாலை என்று நம் குடும்பத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பிரேக் பிடிக்காமல் வந்த வண்டி முன்னால் நின்ற வண்டிகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போன கதைகளை லாரி ஓட்டின உங்கப்பா சொல்லக் கேட்டுத்தானே நீ வளர்ந்தாய். விஷயத்தைக் கேட்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீ பயந்ததில் தப்பே இல்லை. பயப்படாமல் இருந்திருந்தால்தான் உன்னைத் திட்டியிருப்பேன்.

இருந்தாலும் என் பதில், வேண்டாம் என்பதுதான். ஏன் என்று சொல்கிறேன். இது கிழவியின் பிடிவாதம் என்று நினைத்துக்கொள்ளாதே. அவருக்கு இடம் பார்த்ததில் நான் ஒரு தடவை பெரிய தவறு செய்துவிட்டேன். அதே தவறை இப்போது நீ செய்யப் போகிறாய், அதுவும் நான் செய்த மாதிரியே, பாசத்தோடு.

முதலில் அவரை ஹோமில் சேர்க்க நான் சம்மதித்த நாளை நினைத்துப் பார். நம் ஊர் மாரண்டஹள்ளியில் காய்கறி ஏற்ற நிற்கிற லாரி எதுவானாலும் அதில் ஏறி உட்கார்ந்துகொள்வார். சாவி இருந்துவிட்டால் ஸ்டார்ட் பண்ணிவிடுவார். பழகிய கைக்கு மறதி இல்லை, ரோடுதான் மறந்துபோயிருந்தது. முட்டி தேய்ந்த நான் ஒவ்வொரு வண்டியாகக் கெஞ்சிக்கொண்டு அவர் பின்னால் ஓட முடியவில்லை. ஒரு நாள் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே ஆட்கள் நிற்கும்போதே வண்டி நகர்ந்துவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டோம். "பொண்டாட்டி குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப ஆம்பளையக் கொண்டுபோயி ஹோம்ல தள்ளிட்டா" என்று பேசினார்கள். பேசினவர்களில் உன் அத்தையும் உண்டு. எனக்குத் தூக்குப் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. உன்னிடம் அப்போது அதைச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்தவள் நான். அதிகாரி பார்வைக்கு வருகிற நாளில் ஒரு சமையலறை எப்படிப் பளபளக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என்னுடையதும் அப்படித்தான் பளபளத்தது. அதனால் எந்த ஹோமுக்கும் நான் சொல்லிவிட்டுப் போகவில்லை. சாப்பாடு போடுகிற நேரத்துக்குப் போகாமல், சாப்பிட்டு முடிக்கிற நேரத்துக்குப் போனேன். இலையில் என்ன மிச்சம் இருக்கிறது, அதை யார் எடுக்கிறார்கள், எடுக்கும்போது அந்தப் பெரியவர் முகத்தைப் பார்க்கிறார்களா, மேசையை மட்டும் பார்க்கிறார்களா என்று கவனித்தேன். சுவரில் மாட்டியிருக்கிற சான்றிதழ்களை விட்டுவிட்டு ஆட்களின் கால் நகத்தைப் பார்த்தேன். குதிகாலில் வெடிப்பு இருக்கிறதா, உதடு காய்ந்திருக்கிறதா, தண்ணீர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறதா, கக்கூஸில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்று பார்த்தேன். கத்துகிறவர்களை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். எல்லாம் கேட்டேன் முருகேசா. கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் கேட்காமல் விட்டுவிட்டேன்.

சேலம் தாண்டித் தென்னந்தோப்புக்குள் இருந்த அந்த ஹோம் உனக்கும் பிடித்திருந்தது. நீதான் போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினாய். என் கண்ணுக்கு அதில் ஒரு குறைகூடத் தெரியவில்லை. ரசம்கூட மிளகு தட்டிப் போட்டு வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும்விட, அங்கே ஒரு சத்தமும் இல்லை. கேட்டுக்குள் நுழைந்தால் தென்னை ஓலை அசைவதும் ஒன்றிரண்டு அணில் கத்துவதும்தான். அந்த அமைதியில் நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன், உட்கார்ந்தவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். எழுந்ததும், ஆயுசு முழுக்க ரோட்டில் கிடந்த மனுஷன், இனிமேலாவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்று நினைத்தேன். அங்கேயே சேர்த்துவிடச் சொன்னேன்.

ஒவ்வொரு தடவை பார்க்கப் போகும்போதும் அவர் இன்னும் கொஞ்சம் குறைந்திருந்தார். கன்னம் ஒட்டிப்போனது. பேசினால் வார்த்தை நாக்கில் வழுக்கியது. எச்சில் ஒழுகியது. அங்கே இருந்த மேனேஜர் பையன் மரியாதையானவன்தான். "அய்யா நைட்ல படுக்கவே மாட்டேங்கறாருங்கம்மா. எந்திரிச்சி எந்திரிச்சி கதவத் தட்டறாரு. மத்தவங்களுக்கு டிஸ்டர்பா இருக்குது. டாக்டர் மாத்திரை எழுதியிருக்காருங்க" என்றான். நோய் முற்றுகிறது என்று நினைத்துக்கொண்டேன். நீயும் அப்படித்தான் சொன்னாய். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. நான் யாரையும் குறை சொல்லவில்லை. தூங்காத ஆளைத் தூங்க வைக்க அவர்களுக்குத் தெரிந்தது மாத்திரை, கொடுத்தார்கள். அவர் ஏன் தூங்கவில்லை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? கூடக் குடித்தனம் பண்ணின எனக்கே தெரியவில்லையே.

மாரியம்மன் பண்டிகைக்கு அவரை வீட்டுக்குக் கூட்டிவரக் காரில் போனேனே, அன்றைக்குத்தான் தெரிந்தது. திரும்பி வரும்போது தொப்பூர் ஏற்றத்துக்குக் கீழே, லாரிக்காரர்கள் சாப்பிடுகிற ஒரு ஓட்டலில் நிறுத்தினோம். வெளியே டிரைவர்கள் படுப்பதற்குக் கயிற்றுக் கட்டில் போட்டிருந்தார்கள். உச்சி வெயில், ரோட்டில் இரைச்சல், புகை, ஹாரன். நான் அவருக்குத் தயிர் சோறு பிசைந்து எடுத்துக்கொண்டு வருகிறேன், மனுஷன் கட்டிலில் படுத்து அப்படியே தூங்கிப்போயிருக்கிறார். வாயைத் திறந்துகொண்டு, குறட்டை விட்டுக்கொண்டு, அந்தக் காலத்துத் தூக்கம். எழுப்ப மனசு வரவில்லை. கிண்ணத்தோடு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் மேலே எங்கேயோ ஒரு வண்டி கவிழ்ந்துவிட்டதாம், போக்குவரத்து நின்றது. ஒவ்வொரு லாரியாக எஞ்சினை அணைத்தார்கள். ரோடு பூராவும் அமைதியாகிவிட்டது. சட்டென்று எழுந்து உட்கார்ந்தார் உங்கப்பா. கண் இரண்டும் பயத்தில் விரிந்திருந்தது. "என்னாச்சி? வண்டி ஏன் நின்னுது? டேய், யாரு மேலயாச்சும் ஏத்திட்டியா?" என்று கத்தினார். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அப்புறம் வழி விட்டார்கள், லாரிகள் உறுமிக்கொண்டு ஏற ஆரம்பித்தன. அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். "ம், எடுத்துட்டான்" என்றார். திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டார்.

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. ஓட்டல்காரர் என்னவோ ஏதோ என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மதுரைக்கும் கேரளாவுக்கும் தக்காளி லோடு போகிற காலத்தில், மாற்று டிரைவர் ஓட்ட இவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற பலகையில் படுத்துத் தூங்குவார். வண்டி ஓடுகிற வரைக்கும் தூக்கம். எஞ்சின் நின்றால் விழித்தாக வேண்டும். நின்றால் செக்போஸ்ட், இல்லையென்றால் பஞ்சர், இல்லையென்றால் விபத்து. சத்தம் நின்றால் ஏதோ கெட்டது நடந்துவிட்டது என்று அந்த உடம்பு படித்துவைத்திருக்கிறது. மூளை எல்லாவற்றையும் தொலைத்த பிறகும் உடம்பு அதைத் தொலைக்கவில்லை. உனக்கு ஞாபகம் இருக்கிறதா, வீட்டில் இருக்கிற நாளில் மார்கழிக் குளிரிலும் அந்த ஓட்டை டேபிள் ஃபேனைக் கடகடவென்று ஓடவிட்டுத்தான் படுப்பார். நீ போர்வைக்குள் சுருண்டுகொண்டு, "அப்பா, ஃபேன நிறுத்துப்பா" என்று சிணுங்குவாய். காற்றுக்காக என்று நாம் நினைத்தோம். அந்த மனுஷனைக் கொண்டுபோய் அணில் கத்துகிற தோப்புக்குள் படுக்கவைத்தேன். அவர் ராத்திரி முழுக்க வண்டி நின்றுபோய்விட்டது என்று பதறிப்போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். நாம் மாத்திரை கொடுத்துப் பேச்சையும் பிடுங்கிவிட்டோம்.

அமைதி வேண்டியிருந்தது எனக்குத்தான். அவர் லோடு போன நாட்களில் நான் தூங்கியதில்லை. வீட்டுக்கு முன்னால் போகிற ஒவ்வொரு லாரிக்கும் காது கொடுத்துக்கொண்டு கிடப்பேன், இது அவர் வண்டியா, இது அவர் வண்டியா என்று. ரோட்டு முக்கில் அவர் வண்டி திரும்புகிற சத்தம் எனக்குத் தனியாகத் தெரியும். அது கேட்ட பிறகுதான் உயிர் வரும். அவர் உள்ளே வரும்போது தூங்குவது போலப் படுத்துக்கொள்வேன், முழித்திருந்தது தெரிந்தால் வருத்தப்படுவாரே என்று. ஆக, சத்தமில்லாத இடத்தைப் பார்த்ததும் என் காது ஆசைப்பட்டுவிட்டது. எனக்குப் பிடித்த இடத்தை அவருக்குப் பார்த்துவிட்டேன்.

அதற்கப்புறம்தான் தொப்பூர்ப் பக்கம் தேடினேன். முன்பு கல்யாண மண்டபமாக இருந்த கட்டடம், ஹைவேயை ஒட்டி. நாலு வழிச் சாலை வந்து இரைச்சல் கூடி, ஊர்ச் சனம் வேறு மண்டபத்துக்குப் போய்விட்டதால் அதை ஹோமாக மாற்றியிருக்கிறார் ஆரோக்கியமேரி அம்மா. கடத்தூர்ப் பக்கத்தில் விவசாயக் குடும்பம், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். "ரோட்டுச் சத்தம் ஒண்ணுதாங்க கொறை. ஜன்னலுக்கெல்லாம் டபுள் கண்ணாடி போடலாம்னு இருக்கறன். கொஞ்ச நாளு பொறுத்துக்கங்க" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னார். "தாயி, எங்க வூட்டுக்காரரு ரூமுக்கு மட்டும் போட்டுடாதீங்க" என்று நான் கையைப் பிடித்துக்கொண்டதும் அந்த அம்மா என்னைத்தான் நோயாளி என்று நினைத்திருக்கும். அப்பாவுக்குக் கிடைத்தது ரோட்டைப் பார்த்த அறை. கதவுக்கு மேலே "மணமகன் அறை" என்று பெயிண்டில் எழுதியிருந்தது இன்னும் அழியவில்லை. எங்கள் கல்யாணம் கோயிலில் நடந்ததால் அப்போது அவருக்கு அப்படி ஒரு அறை கிடைக்கவில்லை, இப்போதாவது கிடைத்ததே என்று சொல்லி நானும் ஆரோக்கியம்மாவும் சிரித்தோம். வெகு நாளைக்கு அப்புறம் நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

அந்த இடத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. உன் கண்ணுக்குத் தெரிகிற குறைகள் என் கண்ணுக்கும் தெரிகின்றன. சுவர் பெயர்ந்து கிடக்கிறது. போர்வையில் சில நாள் ஈர வாடை அடிக்கிறது. டாக்டர் வாரத்துக்கு ஒரு தடவைதான் எட்டிப் பார்க்கிறார். கக்கூஸில் கம்பி நான் சண்டை போட்ட பிறகுதான் வந்தது. ஆரோக்கியம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒரு நாள் அப்பா சோற்றைத் தள்ளிவிட்டபோது அவர் போட்ட அதட்டலை நான் வாசலில் நின்று கேட்டேன். உள்ளே போய்க் கேட்டும்விட்டேன். "நானும் மனுஷிதானுங்களே" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாயங்காலம் அவரே அப்பாவுக்குக் களி கிண்டி, கீரைச் சாற்றில் தொட்டுத் தொட்டு ஊட்டினார். கேட் திறந்து கிடந்த விஷயத்திலும் அப்படித்தான். முதலில் பால்காரர் மேல் பாய்ந்தார், அப்புறம் என் மேல் பாய்ந்தார், அப்புறம் உட்கார்ந்து அழுதார். இப்போது கேட்டுக்கு உள்ளே இன்னொரு கம்பிக் கதவு வைத்தாயிற்று. ஒன்றைப் பூட்டிய பிறகுதான் இன்னொன்றைத் திறக்கிறார்கள். ஆபத்து முழுசாகப் போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். எங்கே வைத்தாலும் அவருக்கு ஆபத்து இருக்கிறது கண்ணு, நம் வீட்டிலேயே இருந்ததே.

ஆனால் அங்கே அவர் தூங்குகிறார். அந்த மாத்திரையை டாக்டரிடம் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிட்டார்கள். எச்சில் ஒழுகுவது நின்றது. பேச்சு திரும்பி வந்தது. சாப்பிட்டுவிட்டுப் படுத்தார் என்றால், ஏற்றத்தில் லாரிகள் முக்கி முனகிக்கொண்டு ஏறுகிற சத்தத்தில் குழந்தை மாதிரி தூங்குகிறார். பெங்களூர் ஹோமுக்கு என்னையும் கூட்டிப் போனாயே, அங்கே சுற்றிக்காட்டிய பெண் ஜன்னலை மூடிக் காட்டியதும் ரோடு இருந்த இடமே தெரியாமல் போனது. "பாத்தியாம்மா, பின் ட்ராப் சைலன்ஸ்" என்று நீ பெருமையாக என் பக்கம் திரும்பினாய். எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? அந்தச் சுகத்தைப் பார்த்துத்தான் பயந்தேன். தென்னந்தோப்பில் ஏமாந்ததும் அதே சுகத்தில்தான். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு வாயடைத்துப் போனேன்.

பக்கத்தில் இருந்தால் தினமும் ஆபீஸ் விட்டு வந்து அவரைப் பார்க்கலாம் என்று ஆசைப்படுகிறாய். நீ சின்னவனாக இருந்தபோது அவர் வீட்டில் இருந்த நாட்கள் குறைவு. விட்டதை எல்லாம் இப்போது பிடிக்கப் பார்க்கிறாய். பெற்றவளுக்கு அது தெரியாமல் போகுமா? ஆனால் உன்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை என்று நீ காரில் உட்கார்ந்து அழுதாய் அல்லவா, அதற்கு ஒரு வழி சொல்கிறேன். நானும் அப்படித்தான் ஆரம்பத்தில் அழுதேன். ஹோமுக்கு முன்னால் ஒரு நீள பெஞ்சு இருக்கிறது. அதில் எப்போதும் வலது ஓரத்தில்தான் உட்காருவார். ஒரு நாள் நான் போய் எதிரே நின்றதும், "எங்கம்மா போவணும்?" என்றார், ரோட்டோரம் பஸ்ஸுக்கு நிற்கிற பொம்பளையைக் கேட்கிற மாதிரி. எனக்குப் பொறுக்கவில்லை. "நான் உங்க பொண்டாட்டிங்க, பாருங்க நல்லா" என்று கத்திவிட்டேன். அவர் சுருங்கிப்போனார். திட்டு வாங்கிய கிளீனர் மாதிரி கையை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்த தடவை போனபோதும் அதே கேள்விதான். "எங்கம்மா போவணும்?"

"மாரண்டஹள்ளிங்க" என்றேன்.

"நானும் அந்தப் பக்கந்தான் போறன். ஏறிக்கம்மா. பாத்து, படி வழுக்கும்."

அவருடைய இடது பக்கத்தில் உட்கார்ந்தேன். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு நடை என்னையும் வண்டியில் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். "லோடு வண்டியில பொம்பளைங்க ஏறக் கூடாது" என்பார், "அடுத்த நடைக்குப் பாக்கலாம்" என்பார். ஆயுத பூஜை அன்றைக்கு டயருக்குப் பொட்டு வைக்கிற வரைக்கும்தான் எனக்கு அனுமதி. அந்த வண்டிக்குள் நான் ஏறியதே இல்லை. இப்போது ஏறிவிட்டேன். அவர் முன்னால் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை ஸ்டியரிங்கைப் பிடித்த மாதிரி தொடை மேல் லேசாக ஆடியது. ஏற்றத்தில் ஒரு வண்டி கியர் மாற்றினால் இவர் இடது கையும் அசைந்தது. அவர் வேலை செய்வதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன்.

சும்மா பேச்சுக் கொடுத்தேன். "உங்க வூட்டுல யாருங்க இருக்காங்க?"

"வூட்டுக்காரி இருக்குது. பையன் ஒருத்தன், படிக்கறான். நல்லாப் படிப்பான்."

"அவங்க இந்நேரம் தூங்கியிருப்பாங்க, இல்லைங்களா?"

சிரித்தார் முருகேசா. எவ்வளவு காலமாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து. "அது எங்கம்மா தூங்கும்? நம்ம வண்டி ரோட்டு முக்குல திரும்பற சத்தம் கேக்கற வரைக்கும் முழிச்சிக்கினே கெடக்கும். நான் உள்ள போனா தூங்கறாப்புல படுத்துக்கும். நானும் தெரியாதாப்புல போயி படுத்துக்குவன். சொன்னா அதுக்கு வெக்கமாப் பூடும்."

நான் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷமும் தெரிந்திருக்கிறது. விளக்குப் போடாமல், செருப்பை வெளியிலேயே கழற்றிவிட்டு, பூனை மாதிரி வந்து படுப்பாரே, அது எல்லாம் தெரிந்துதான். ஒரே ஒரு தடவை "முழிச்சிருக்கியா?" என்று கேட்டிருந்தால் எழுந்து சோறு போட்டிருப்பேன், பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருப்பேன். அவர் கேட்கவில்லை, நானும் கண்ணைத் திறக்கவில்லை. அதைச் சொல்வதற்கு இப்போது அவரிடம் அவர் பொண்டாட்டி இல்லை. யாரோ ஒரு வழிப்போக்கப் பொம்பளைதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "ஏம்மா அழுவற? வூடு வந்துரும், இந்த ஏத்தம் ஒண்ணுதான்" என்றார்.

இந்த மனுஷனைத்தான் நீ சத்தம் கேட்காத அறைக்குக் கூட்டிப்போகப் பார்க்கிறாய். அந்தப் பேச்சு வந்தது லாரிச் சத்தத்தோடுதான் கண்ணு. வண்டி ஓடிக்கொண்டிருப்பதாக அவர் நம்புகிற வரைக்கும் அவருக்குப் போக ஒரு வீடு இருக்கிறது, காத்திருக்க ஆள் இருக்கிறது, நன்றாகப் படிக்கிற பையன் இருக்கிறான். ஜன்னலை மூடிவிட்டால் வண்டி நின்றுவிடும். அவர் பயந்து எழுந்து, யார் மேல் ஏற்றினோம் என்று கதவைத் தட்டுவார். மறுபடியும் மாத்திரை எழுதுவார்கள். இரண்டாம் தடவை அதைப் பார்க்க என்னால் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வா. கார் எடுத்துக்கொண்டே வா. ஆனால் அவரைக் கூட்டிப்போக வராதே. மத்தியானம் அவருக்குச் சோறு ஊட்டு, தூங்குகிற வரைக்கும் பக்கத்தில் இரு, குறட்டையைக் கேள். எழுந்து பெஞ்சுக்கு வந்ததும் இடது பக்கம் போய் உட்கார். எங்கே போகணும் என்று கேட்பார். நான் உங்க பையன் என்று சொல்லி அவரைப் பயமுறுத்தாதே. பெங்களூர் என்று சொல். எந்த ஊராக இருந்தாலும் ஏற்றிக்கொள்வார். வழியில் பையனைப் பற்றிக் கேள். உன்னிடம் உன்னைப் பற்றி அவர் ஒரு நாளும் சொல்லாததை எல்லாம் சொல்வார்.

இன்னொன்றும் எழுதிவிட வேண்டும், இது என்னைப் பற்றி. எனக்கும் வயதாகிறது. ரேவதி பெயரை நேற்று ஒரு நிமிஷம் தேடினேன். சாதாரண மறதியாகவும் இருக்கலாம். ஆனால் என் முறை வந்தால், அம்மாவுக்கும் அப்பா இருந்த இடமே பிடிக்கும் என்று நினைத்து என்னைத் தொப்பூரில் கொண்டுபோய் விட்டுவிடாதே. எனக்கு அந்தப் பெங்களூர் ஹோம்தான் வேண்டும். அந்தக் கண்ணாடி ஜன்னலை நன்றாக மூடிவைக்கச் சொல். ஒரு லாரிச் சத்தம்கூட என் காதில் விழக் கூடாது. விழுந்தால் நான் தூங்கமாட்டேன் முருகேசா. உங்கப்பா இன்னும் வரவில்லையே என்று விடிய விடிய முழித்துக்கொண்டு கிடப்பேன்.

உன் அம்மா